காற்றும் கடலும் – 17: பழுப்பு மேகத்தின் அடியில்

சென்ற இதழில் அன்னா மணி அம்மையாரைப் பார்த்தோம். வெயிலின் அளவை நாடெங்கும் பதிவு செய்யும் நிலையங்களை உருவாக்கி, அதற்கான கருவிகளையும் இங்கேயே செய்ய வழிவகுத்தவர். விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தும்பாவில் வானிலைக் கூடம் ஒன்றையும் அமைத்துக் கொடுத்தார் என்ற இடத்தில் நிறுத்தியிருந்தோம். திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்தக் கடற்கரையில் பிறகு வளர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இந்த இதழின் கதையில் முக்கியமான பாத்திரம். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. செகந்திராபாதில், குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தொடங்குகிறது.

1960களின் பிற்பகுதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த ஓர் இளைஞர் அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியைக் குளிர்விக்கும் வாயு கசிந்து வெளியேறிக்கொண்டே இருந்தது. ஏன் கசிகிறது, எப்படித் தடுப்பது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வேலை பிடிக்கவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து முதுகலைப் பட்டம் வாங்கினார். அங்கிருந்து அமெரிக்கா சென்றார். பெயர் வீரபத்ரன் ராமநாதன். 1944ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பதினொரு வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, தமிழ் வழியிலிருந்து திடீரென்று ஆங்கில வழிப் பள்ளிக்கு மாறியதால் வகுப்பில் சொல்வது புரியாமல், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ராபர்ட் செஸ். பொறியியல் ஆய்வு செய்யப் போன மாணவரிடம், தான் இனிக் கோள்களின் வளிமண்டலத்தைத்தான் ஆராயப்போவதாகச் சொல்லிவிட்டார் செஸ். மாணவரும் பாதை மாறினார். வெள்ளி, செவ்வாய்க் கோள்களின் காற்று எப்படி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்ற கணக்கைக் கற்றுக்கொண்டார். 1974ல் மோலினாவும் ரோலண்டும் குளோரோஃப்ளோரோ கார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எழுதினார்கள். செகந்திராபாதில் ராமநாதன் கசிவை அடைக்கப் போராடிய வாயு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உலகமே ஓசோனைப் பற்றிப் பேசியபோது, அவர் வேறொரு கேள்வி கேட்டார்: இந்த வாயு வெப்பத்தை என்ன செய்யும்? 1975ல் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. இதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பூமி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டுமே காரணம் என்று அதுவரை இருந்த எண்ணம் அன்றோடு மாறியது.

பிறகு அவர் மேகங்களின் பக்கம் திரும்பினார். மேகம் பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா? வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதே மேகம் இரவில் கம்பளிபோல் மூடி வெப்பத்தை வெளியேற விடாமலும் தடுக்கிறது. எது மிகும் என்பதைக் கணினிக் கணக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்கலம் கொண்டுபோய் விட்ட செயற்கைக்கோள் ஒன்று பூமிக்கு வரும் வெயிலையும் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் அளந்தது. அந்த அளவுகளை வைத்து 1989ல் ராமநாதனும் செஸ்ஸும் உடன் ஆய்வாளர்களும் கணக்கைத் தீர்த்தார்கள். மேகங்கள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 44 வாட் வெயிலைத் திருப்புகின்றன, 31 வாட் வெப்பத்தைப் பிடிக்கின்றன. மிச்சம் சுமார் 13 வாட் குளிர்ச்சி. கரியமில வாயு இரட்டிப்பானால் ஏற்படும் விளைவு சுமார் 4 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மேகத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பருவநிலையைப் பற்றி யாரும் உறுதியாகப் பேச முடியாது என்பது தெரியும்.

1990ல் ராமநாதன் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்கு வந்தார். மறு ஆண்டு அவரும் காலின்ஸும் எழுதிய கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மேற்குப் பசிபிக்கில் கடல் நீர் ஓரளவுக்கு மேல் சூடாவதே இல்லை. அதிகம் சூடானால் வானளாவிய இடிமேகங்கள் எழுந்து, அவற்றின் உச்சியில் பரவும் பனித்துகள் மேகம் குடை விரித்துக் கடலைக் காத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். பலர் ஏற்கவில்லை. காற்றோட்டமும் ஆவியாதலும்தான் காரணம் என்றார்கள். வாதத்தைத் தீர்க்க 1993ல் ஃபிஜித் தீவைத் தளமாக வைத்துக் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பினார்கள். அந்த வாதம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் வெயில் எங்கே போகிறது என்ற கணக்கில் வளிமண்டலம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்ற ஐயம் அவருக்குள் வலுத்தது. மேகத்தைத் தேடிப் போனவரின் கண் காற்றில் மிதக்கும் தூசி மீது விழுந்தது இப்படித்தான்.

காற்றில் மிதக்கும் இந்த நுண்துகள்களுக்கு ஏரோசால் என்று பெயர். கடல் உப்பு, பாலைவனத் தூசி, ஆலைப்புகையில் பிறக்கும் சல்பேட், விறகும் டீசலும் எரிந்து வரும் கரி எல்லாமே இதில் அடக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பேசியது பெரும்பாலும் சல்பேட்டைப் பற்றி. அது வெண்மையானது, வெயிலைத் திருப்பி அனுப்புவது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்து, சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை வானுக்கு அனுப்பியபோது, மறு ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை அரை டிகிரி அளவுக்கு இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆகவே தூசி என்றால் குளிர்ச்சி என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அந்த எண்ணம் ஐரோப்பாவின், அமெரிக்காவின் நிலக்கரிப் புகையைப் பார்த்து வந்த எண்ணம். ஆசியாவின் காற்றில் என்ன இருக்கிறது என்பதைக் கடலின் மேல் நின்று யாரும் முழுமையாக அளந்து பார்த்திருக்கவில்லை.

அதற்கு இந்தியப் பெருங்கடலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காரணம் நம் கரையில் வாழும் எவருக்கும் புரியும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மழை குறைவு. மழையில் கழுவப்படாத துகள் ஒரு வாரத்துக்கும் மேல் காற்றிலேயே கிடக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். இப்படித் துணைக்கண்டத்தின் புகை தெற்கே போகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டிய பகுதியிலோ காற்று எதிர்த் திசையிலிருந்து, அண்டார்டிகாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட வெறுங்கடலிலிருந்து வருகிறது. அதில் ஊர்ப்புகை கிடையாது. இரண்டு காற்றும் சந்திக்கும் இடத்தில் மழைமேகங்கள் ஒரு பட்டையாகக் கிழக்கு மேற்காக நிற்கின்றன. பட்டைக்கு வடக்கே அழுக்குக் காற்று, தெற்கே சுத்தமான காற்று. ஒரே கப்பல் ஒரே கருவியோடு ஒரே பயணத்தில் இரண்டையும் அளந்துவிடலாம். உலகில் இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்தை யாராலும் கட்ட முடியாது. இயற்கை ஆண்டுதோறும் நான்கு மாதம் கட்டிக் கொடுக்கிறது.

ராமநாதனோடு கைகோத்தவர் பால் குருட்சன். ஓசோன் ஆய்வுக்காக 1995ல் மோலினா, ரோலண்டு இருவருடனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்தியத் தரப்புக்குத் தலைமை வகித்தவர் ஏ.பி. மித்ரா, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் முன்னாள் தலைவர். திட்டத்துக்கு 'இந்தியப் பெருங்கடல் பரிசோதனை' என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக 'இண்டோயெக்ஸ்'. செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா, மாலத்தீவு நாடுகளிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் வந்தார்கள்.

இந்த வெளிநாட்டுப் பட்டாளம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தும்பாவுக்கு அருகில் ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் கே. கிருஷ்ணமூர்த்தி எண்பதுகளிலேயே வெயிலைப் பல நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவியை உருவாக்கி, நாட்டின் பல இடங்களில் நிறுவிக்கொண்டிருந்தார். அந்தக் கருவி சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஊதாவின் விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை பத்து அலைநீளங்களுக்குப் பத்து வடிகட்டிகள். ஒன்று மாற்றி ஒன்று சுழன்று வர, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று பதிவாகும்.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், வளிமண்டலத்துக்கு வெளியே சூரிய ஒளி எவ்வளவு என்பதைத் தரையில் இருந்துகொண்டே கண்டுபிடிப்பதில். காலையில் சூரியன் தாழ இருக்கும்போது ஒளி சாய்வாக வருகிறது. நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டும். உச்சிக்கு ஏற ஏறப் பாதை குறைகிறது. பாதையின் நீளத்துக்கு எதிராக ஒளியின் அளவை மடக்கைக் கணக்கில் வரைந்தால், அன்று காற்று மாறாமல் இருந்திருந்தால், புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டின் சரிவு எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவு அழுக்கு. கோட்டைப் பாதையே இல்லாத இடம்வரை நீட்டினால், காற்றே இல்லாதபோது எவ்வளவு ஒளி இருக்கும் என்பதும் கிடைத்துவிடும். எளிமையான வழி, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு மேகம் குறுக்கே வந்தால் அன்றைய வேலை போச்சு. ஆடும் கப்பலில் இதைச் செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தளம் சாயச் சாயச் சூரியனைக் கருவியின் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

1996 முதலே சாகர் கன்யாவின் தளத்தில் இந்த அளவுகள் எடுக்கப்பட்டன. ஜெர்மனியில் கட்டப்பட்டு 1983ல் நமக்கு வந்த ஆய்வுக் கப்பல் அது. கிருஷ்ணமூர்த்தியின் மாணவரான எஸ்.கே. சதீஷ் போன்ற இளைஞர்கள் பயணம் போனார்கள். கரையை ஒட்டி அளவு உயரமாக இருக்கும். தெற்கே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மழைமேகப் பட்டையைத் தாண்டியதும் சட்டென்று விழுந்துவிடும். புகை கடலுக்கு நடுவில் எவ்வளவு தூரம் போகிறது என்பதை எண்ணில் காட்டிய முதல் ஆதாரங்களில் இவையும் அடக்கம். பெரிய பெயர்களும் பெரிய விமானங்களும் வந்த பிறகு இந்தப் பகுதியை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை.

1998ல் மாலத்தீவின் காஷிதூ தீவில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரி வடக்கே, தொழிற்சாலை ஏதும் இல்லாத, தென்னை மரங்கள் நிறைந்த சின்னஞ்சிறு தீவு. அங்கே புகை கிடைத்தால் அது வேறெங்கிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீவைத் தேர்ந்ததன் காரணம். அதே ஆண்டு ஐரோப்பிய வானிலை அமைப்பு தன் மீட்டியோசாட் 5 செயற்கைக்கோளை இந்தியப் பெருங்கடலின் மேல் 63 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நகர்த்தி வைத்தது. திட்டம் முடிந்த பிறகும் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. இந்தியப் பெருங்கடலை ஐரோப்பியச் செயற்கைக்கோள் தொடர்ந்து பார்க்கும் வழக்கம் அப்போது தொடங்கியதுதான்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை முழுவீச்சில் வேலை நடந்தது. கோவாவிலிருந்து சாகர் கன்யா மொரிஷியஸ் வரை போனது. அமெரிக்காவின் ரொனால்டு பிரௌன் என்ற கப்பலும் கடலில் இருந்தது. மாலேயிலிருந்து சி-130 விமானம் பறந்து, மேகங்களுக்குக் கீழும் மேலும் ஊடேயும் நுழைந்து அளந்தது. விமானத்திலிருந்து பார்த்தவர்கள் முதலில் கண்டது எண்களை அல்ல, நிறத்தை. நடுக்கடலில், நிலம் கண்ணுக்கே தெரியாத இடத்தில், அடிவானம் நீலமாக இல்லை. கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்புப் படலம் தடித்துக் கிடந்தது. அதற்கு மேலே ஏறியதும் வானம் தெளிவாக இருந்தது. காற்றை உறிஞ்சி வடிகட்டும் தாள்கள் வெள்ளையாகப் போய்க் கறுத்துத் திரும்பின. படலத்தின் பரப்பு ஒரு கோடி சதுர கிலோமீட்டர் என்று பிறகு கணக்கிட்டார்கள். இந்தியாவைப்போல் மூன்று மடங்கு.

அதில் என்ன இருந்தது? சல்பேட் இருந்தது, கரிமச் சேர்மங்கள் இருந்தன, சாம்பலும் மண் தூசியும் இருந்தன. எடையில் பார்த்தால் நுண்துகள்களில் சுமார் 14 சதவீதம் சுத்தமான கருங்கரி. மொத்தப் படலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மனிதர்கள் உண்டாக்கியது. 14 சதவீதம் என்பது சிறியதாகத் தோன்றும். ஆனால் கரி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, விழுங்கிவிடுகிறது. இதன் விளைவை அளந்தவர்கள் சதீஷும் ராமநாதனும். தும்பாவிலிருந்து ஸ்கிரிப்ஸுக்குப் போயிருந்த சதீஷ், காஷிதூவில் தரைக்கு வந்த வெயிலையும் செயற்கைக்கோள் மேலிருந்து அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் இண்டோயெக்ஸின் இதயம் என்று நான் சொல்வேன்.

வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் படலத்தால் திரும்பிப் போகும் வெயில் அதிகமில்லை. அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த எண்ணைத்தான். கடல் மட்டத்தில் குறையும் வெயிலோ அதைப்போல் மூன்று மடங்கு. நடுவில் காணாமல் போன வெயில் எங்கே? படலத்துக்குள்ளேயே தங்கி, அந்தக் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே நிற்பவருக்கு நிழல், மேலே ஏறிக் கீற்றைத் தொடுபவருக்குக் கை சுடும். வடக்கு இந்தியப் பெருங்கடல் முழுவதும் அந்த மூன்று மாதம் கடலுக்குப் போய்ச் சேராத வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 20 வாட். மனிதர்கள் அதுவரை காற்றில் சேர்த்த பசுமைக்குடில் வாயுக்கள் எல்லாம் சேர்ந்து உலகச் சராசரியில் உண்டாக்கிய விளைவு அப்போதைய கணக்கில் 2.4 வாட்தான். ஒன்று ஒரு கடலுக்கும் ஒரு பருவத்துக்கும் உரியது, மற்றது உலகம் முழுமைக்கும் ஆண்டு முழுமைக்கும் உரியது. இரண்டையும் அப்படியே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. ஆனாலும் அந்த 20 என்ற எண்ணைப் பார்த்து ஆய்வுலகம் திகைத்தது உண்மை.

மேகங்களில் கண்டவையும் குறைந்தவை அல்ல. நீராவி துளியாக ஒரு துகள் வேண்டும். துகள் அதிகமானால் இருக்கிற நீர் அத்தனைக்கும் பங்கு போகிறது, துளிகள் சிறுத்துவிடுகின்றன. பட்டைக்கு வடக்கே உள்ள மேகங்களில் துளிகளின் எண்ணிக்கை தெற்கைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்ததை விமானங்கள் நேரிலேயே எண்ணின. சிறு துளி மேகம் அதிக வெண்மையானது, மழையாகத் திரள நேரம் பிடிப்பது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. அக்கர்மன் குழுவினர் 2000ல் எழுதினார்கள்: கரி சூடாக்கிய காற்றில் ஈரப்பதம் எட்டாமல், பகலில் சிறு மேகங்கள் கலைந்தே போகின்றன. ஒரே புகை ஓரிடத்தில் மேகத்தை வெளுக்கிறது, இன்னோரிடத்தில் மேகத்தையே அழிக்கிறது. தூசி என்றால் குளிர்ச்சி என்ற எளிய எண்ணம் இங்கே உடைந்தது.

கடலுக்கு வெயில் குறைந்தால் என்ன ஆகும்? கடல் வாங்கும் வெயிலில் பெரும்பகுதி நீரை ஆவியாக்கத்தான் செலவாகிறது. வெயில் குறைந்தால் ஆவி குறையும். மழை என்பது அந்த ஆவிதான். இன்னொரு விஷயமும் உண்டு. பருவமழைக்கு முன் துணைக்கண்ட நிலமும் வடக்குக் கடலும் தெற்குக் கடலைவிட நன்றாகச் சூடாக வேண்டும். அந்த வேறுபாடுதான் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிறது. புகை வடக்கை மட்டும் மூடுகிறது. 2001ல் வந்த இண்டோயெக்ஸ் தொகுப்புக் கட்டுரை இதைக் கோடி காட்டியது. 2005ல் ராமநாதன் குழு வெளிப்படையாகவே சொன்னது: பழுப்பு மேகம் நம் பருவமழையை நலிவடையச் செய்கிறது. இதற்கு நேர் எதிராக, இமயமலைச் சரிவில் தங்கும் கரி காற்றைச் சூடாக்கி மழையை முன்கூட்டியே இழுத்து வருகிறது என்று வில்லியம் லாவ் குழு 2006ல் வாதிட்டது. இரண்டுமே வெவ்வேறு மாதங்களில் உண்மையாக இருக்கலாம். இதுதான் இந்தத் துறையின் கஷ்டம்.

2002 ஆகஸ்டில் சண்டை வெடித்தது. ஜோகன்னஸ்பர்க் புவி மாநாடு நெருங்கிய நேரம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 'ஆசியப் பழுப்பு மேகம்' என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுதியவர்கள் ராமநாதன், குருட்சன், மித்ரா, சிக்கா. நால்வரில் இருவர் இந்தியாவிலேயே வேலை பார்த்தவர்கள் என்பதைச் செய்தித்தாள்கள் கவனிக்கவில்லை. ஆசியாவின் மேல் ராட்சத மேகம் ஒன்று தொங்குவதுபோலத் தலைப்புகள் பறந்தன. டெல்லியில் கோபம் கிளம்பியது. நூற்றாண்டுகளாக நிலக்கரியை எரித்துப் பணக்காரர்களான நாடுகள் இப்போது ஏழைகளின் அடுப்பைச் சுட்டிக்காட்டுகின்றன என்று பேச்சு எழுந்தது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அறிவியல் மறுப்பிலும் நியாயம் இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கிலும் ஜே. சீனிவாசனும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இந்தப் படலம் குளிர்காலத்திலும் வறண்ட மாதங்களிலும் வருவது. பருவமழை தொடங்கியதும் கழுவப்பட்டுவிடும். அதை ஆசியாவின் நிரந்தர மேகமாகக் காட்டுவது தவறு. பருவமழையையே சரியாகக் காட்டத் தெரியாத கணினி மாதிரிகளை நம்பி மழை குறையும் என்று அறிவிப்பது அவசரம். அறிக்கையை எழுதியவர்கள் அதே இதழில் பதில் எழுதினார்கள். படித்துப் பார்த்தால் இரு தரப்பும் கண்ணியமாகவே வாதாடியிருப்பது தெரியும். முடிவில் 'ஆசிய' என்ற சொல் போய் 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்று பெயர் மாறியது. அது சரியான முடிவு. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் மேலும் இப்படிப் படலங்கள் உண்டு.

ஆனால் பெயர்ச் சண்டையில் வெற்றி பெற்றதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. புகைக்கு யார் மேல் பழி என்பது ஒரு கேள்வி. யார் நெஞ்சுக்குள் போகிறது என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கரியை முதலில் சுவாசிப்பவர் கங்கைச் சமவெளியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாணி வறட்டியை ஊதும் பெண். வீட்டுக்குள் எரியும் விறகின் புகையால் நம் நாட்டில் ஆண்டுதோறும் பல லட்சம் பேர் சாகிறார்கள். நாட்டின் மானத்தைக் காப்பதாகச் சொல்லி அந்தப் புகையைப் பற்றிப் பேசாமல் இருப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

அந்தப் பெண்ணின் அடுப்பு உண்மையிலேயே எவ்வளவு காரணம்? மும்பை ஐ.ஐ.டி.யின் சந்திரா வெங்கடராமன் 2005ல், எரிபொருள் கணக்கை வைத்து, தெற்காசியக் கருங்கரிக்கு வீட்டு விறகும் வறட்டியும்தான் மிகப்பெரிய காரணம் என்று காட்டினார். காற்றில் கிடைத்த வேதிப்பொருள்களின் விகிதத்தைப் பார்த்த வேறு சிலரோ டீசலும் நிலக்கரியும்தான் என்றார்கள். வழக்கைத் தீர்க்க ஒரு சாட்சி தேவைப்பட்டது. கிடைத்த சாட்சி கார்பன் 14. உயிருள்ள மரத்தில் அது உண்டு. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணில் புதைந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது முற்றிலும் சிதைந்து போயிருக்கும். எனவே கரித்துகளில் எவ்வளவு கார்பன் 14 இருக்கிறது என்று எண்ணினாலே, அது அடுப்பிலிருந்து வந்ததா, இன்ஜினிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஊர்யான் குஸ்தாஃப்சன் குழுவினர் புணேக்கு அருகே சிம்ஹகட் மலையிலும் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலும் குளிர்காலக் காற்றை வடிகட்டி எடுத்து எண்ணினார்கள். 2009 ஜனவரியில் வந்த முடிவு: கரிமத் துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு விறகு, வறட்டி, பயிர்த்தாள் போன்றவற்றை எரித்ததில் வந்தது. கருங்கரியை மட்டும் பார்த்தால், அளக்கும் முறையைப் பொறுத்துப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு.

ஹனிமாதூவில் அதற்கு முன்பே, 2006 மார்ச்சில், இன்னொரு சோதனையும் நடந்தது. மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, படலத்துக்குக் கீழே, உள்ளே, மேலே ஒரே நேரத்தில் பறக்கவிட்டு, படலம் எவ்வளவு வெயிலை விழுங்குகிறது என்று நேரடியாக அளந்தார்கள். கீழ்வளிமண்டலம் வெயிலால் சூடாவதைப் பழுப்பு மேகம் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று 2007ல் 'நேச்சர்' எழுதியது. காஷிதூவில் சதீஷ் மறைமுகமாகக் கண்டதை விமானங்கள் நேரில் உறுதி செய்தன.

ராமநாதன் பிறகு கடலை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனார். பாட்டி விறகடுப்பில் சமைத்து இருமிக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். உத்தரப் பிரதேசத்தின் கைராத்பூரில் புகையில்லாத அடுப்புகளைக் கொடுத்து, ஊரின் காற்று எவ்வளவு சுத்தமாகிறது என்று அளக்கும் 'சூர்யா' திட்டத்தைத் தொடங்கினார். கரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். கரி ஒரு சில வாரத்துக்கு மேல் தங்காது. அடுப்பு மாறினால் அந்த மாதமே வானம் மாறும். இன்று எரிவாயு உருளை இல்லாத வீடுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் விலை கட்டுபடியாகாமல் உருளையை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி விறகுக்குத் திரும்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எரிவாயு விலையைப் பேசும்போது ஆட்சியாளர்கள் மானியச் செலவைக் கணக்கிடுகிறார்கள். நுரையீரலையும் மழையையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இண்டோயெக்ஸ் பெரும்பாலும் அரபிக்கடலையும் மாலத்தீவையும் சுற்றியே நடந்தது. நம் பக்கத்துக் கடலான வங்காள விரிகுடாவைப் பற்றி அது சொன்னது குறைவு. அந்தக் குறையை நீக்க 2006 மார்ச்சில் சாகர் கன்யா சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. இம்முறை திட்டம் முழுக்க முழுக்க நம்முடையது, தலைமை கிருஷ்ணமூர்த்தி. அந்தப் பயணத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)